மௌன மேதை டிராக்

காந்தத் துண்டு ஒன்றை நடுவில் உடைத்தால் வடதுருவம் ஒரு கையிலும் தென்துருவம் மறு கையிலும் தங்கும் என்று எண்ணி, பள்ளிப் பருவத்தில் நாம் உடைத்துப் பார்த்ததுண்டு. உடைந்த ஒவ்வொரு துண்டும் இரு துருவங்களோடும் கூடிய முழுக் காந்தமாகவே நின்று நம்மை ஏமாற்றியது. மின்சாரத்தில் நேர்மின்னும் எதிர்மின்னும் தனித்தனியே கிடைக்கின்றன. காந்தத்தில் மட்டும் ஒற்றைத் துருவம் ஏன் கிடைப்பதில்லை? இக்கேள்வியைக் கணிதத்தின் துணைகொண்டு ஆராய்ந்து, அத்தகைய துருவம் இருப்பதற்கு இயற்கையில் தடையேதும் இல்லை என்று காட்டியவர் பால் டிராக் என்னும் ஆங்கில மேதை. அன்னாரின் வரலாற்றை இம்மலரின் வாயிலாக அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1902-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 8-ஆம் நாள் டிராக் பிறந்தார். தந்தை சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறிய பிரெஞ்சு மொழி ஆசிரியர், மிகக் கண்டிப்பானவர். மகன் தம்மிடம் பிரெஞ்சிலேயே பேசவேண்டும் என்பது அவர் வீட்டுச் சட்டம். அம்மொழியில் தம் எண்ணத்தைச் சரிவரச் சொல்ல இயலாத சிறுவன், பேசாதிருப்பதே மேல் என்று வாய்மூடிப் பழகினான். இவ்வாறு வந்த மௌனம் வாழ்நாள் முழுதும் அவரை விட்டு நீங்கவில்லை என்று டிராக் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

பிரிஸ்டல் சர்வகலாசாலையில் மின்பொறியியல் பயின்று 1921-இல் பட்டம் பெற்றார். வேலை கிட்டவில்லை. கேம்பிரிட்ஜில் சேர இடம் கிடைத்தும், கிடைத்த உபகாரச் சம்பளம் அங்கு வாழப் போதவில்லை. பிரிஸ்டல் ஆசிரியர்கள் அம்மாணவரின் திறமையை உணர்ந்து கட்டணமின்றிக் கணிதம் பயில வழிசெய்தனர். இரண்டாண்டுகள் கழித்து, 1923-இல், அவர் கேம்பிரிட்ஜ் சென்றார்.

1925-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் துயரமும் புகழும் ஒருங்கே வந்த ஆண்டு. மருத்துவம் பயில விரும்பியும் தந்தையின் வற்புறுத்தலால் பொறியியல் பயின்ற தமையனார் பெலிக்ஸ், அவ்வாண்டு மார்ச்சு மாதம் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டின் இறுதியில், குவாண்டம் இயக்கவியல் என்னும் புதிய விஞ்ஞானத்தை உருவாக்கியவர்களுள் ஒருவராக டிராக் விளங்கினார். 1928-இல் ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கையையும் குவாண்டம் கொள்கையையும் இணைத்து, எலெக்ட்ரானின் இயக்கத்தைக் கூறும் சமன்பாடு ஒன்றை அளித்தார். அதுவே இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

1931-இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் இரண்டு புதிய பொருள்கள் இடம்பெற்றன. ஒன்று, எலெக்ட்ரானின் எடையும் அதற்கு நேர்மாறான மின்னூட்டமும் உடைய எதிர்த்துகள். மற்றொன்று, நாம் மேலே குறித்த ஒற்றைக் காந்தத் துருவம். இவ்விரண்டையும் அவருக்கு முன் எவரும் கண்டதில்லை. கணிதமே அவற்றைச் சுட்டியது.

கடையில் கொடுக்கல் வாங்கல் எல்லாம் முழு நாணயங்களாகவே நடப்பது போல், தனித்து நிற்கும் துகள் எதுவாயினும் அதன் மின்னூட்டம் எலெக்ட்ரானின் மின்னூட்ட அளவுக்குச் சமமாகவோ அதன் முழு மடங்காகவோதான் காணப்படுகிறது. ஏன் இப்படி? பிரபஞ்சத்தில் எங்கேனும் ஒரேயொரு காந்தத் துருவம் இருந்தாலும் போதும், மின்னூட்டம் இவ்வாறுதான் இருந்தாக வேண்டும் என்று டிராக் நிறுவினார். அத்துருவங்களைப் பிரிப்பது அரிதாயிருப்பதற்கும் ஒரு காரணம் சொன்னார். எதிரெதிர்த் துருவங்கள் இரண்டு ஒன்றையொன்று இழுக்கும் விசை, அதே தொலைவில் எலெக்ட்ரானும் புரோட்டானும் இழுத்துக்கொள்ளும் விசையைப் போல் ஏறத்தாழ 4,700 மடங்காகும்.

எதிர்த்துகள் மறு ஆண்டிலேயே அகப்பட்டது. 1932-இல் அமெரிக்காவில் ஆண்டர்சன் என்பவர் விண்கதிர்களின் தடங்களிடையே அதைக் கண்டார். அவ்வாண்டே, முன்னாளில் நியூட்டன் வகித்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பதவி முப்பது வயது டிராக்கிற்குக் கிட்டியது. 1933-இல் ஷ்ரோடிங்கருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விளம்பரத்திற்கு அஞ்சி அப்பரிசையே மறுக்க எண்ணியவரை, மறுத்தால் இன்னும் பெரிய விளம்பரம் ஆகும் என்று ரதர்போர்டு தடுத்தார். விழாவிற்குத் தாயாரையே உடனழைத்துச் சென்றார்.

நம் நாட்டிற்கும் டிராக் அயலார் அல்லர். நம் சத்தியேந்திரநாத் போஸின் பெயரால் ஒருவகைத் துகள்களுக்குப் போசான் என்று பெயரிட்டவர் அவரே. 1954-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியா வந்து, பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் விரிவுரைகள் ஆற்றினார்.

மற்றொரு குழந்தையாகிய காந்தத் துருவமோ அகப்படவேயில்லை. 1975-இல், பலூனில் ஏற்றி அனுப்பிய கருவியொன்றில் அதன் தடம் கிடைத்ததாகச் சிலர் அறிவித்தனர். பிறர் ஆராய்ந்ததில் அது நிலைக்கவில்லை. ஐம்பதாண்டுகள் கடந்தன. அக்கட்டுரையின் பொன்விழாவை ஒட்டி நடந்த மகாநாட்டிற்கு 1981-இல் அப்துஸ் சலாம் அழைத்தபோது, முதியவர் டிராக் ஒளிவுமறைவின்றி விடை எழுதினார். இத்தனை ஆண்டுகளாகச் சோதனைகளிலிருந்து ஊக்கமேதும் வராமையால், துருவங்கள் இல்லை என்று கருதும் நிலைக்குத் தாம் வந்துவிட்டதாகத் தெரிவித்தார். தாம் பெற்ற கருத்து என்பதற்காக அவர் அதற்குச் சலுகை காட்டவில்லை.

விந்தை என்னவெனில், மூன்று மாதம் கழித்து, 1982 பிப்ரவரி 14-ஆம் நாள், ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் கப்ரேரா என்பவரின் கருவி, டிராக் கணித்த அதே அளவில் ஒரேயொரு துள்ளலைப் பதிவு செய்தது. அவ்வேளையில் கருவியருகே எவரும் இல்லை. பின்னர் பன்மடங்கு பெரிய கருவிகளை அமைத்துக் காத்திருந்தும் அத்துள்ளல் மீண்டும் வரவில்லை. தமிழர் பல தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயலிலும், இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் நிறுவிய கருவிகளில் 1980-களில் நம் விஞ்ஞானிகள் தேடினர், அங்கும் அகப்படவில்லை. ஜெனீவாவின் மாபெரும் துகள்முடுக்கியிலும் தேடியாயிற்று. ஐயமறக் கண்டவர் இன்றுவரை எவருமிலர்.

கடைசிக் காலத்தில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வாழ்ந்த டிராக், 1984 அக்டோபர் 20-ஆம் நாள் மறைந்தார். 1995-இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில், நியூட்டனின் கல்லறைக்கு அருகே, அவர் நினைவாக ஒரு கல் பதிக்கப்பட்டது. அதில் அவருடைய எலெக்ட்ரான் சமன்பாடு பொறிக்கப்பட்டிருக்கிறது.

ஒரே மனிதர், ஒரே கட்டுரை. சொன்னவற்றுள் ஒன்று மறு ஆண்டிலேயே மெய்யாயிற்று, மற்றொன்று தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் காத்திருக்கிறது. அழகிய கணக்கு வழியைத்தான் காட்டும். உண்டு, இல்லை என்று தீர்ப்புச் சொல்வது இயற்கையே. அத்தீர்ப்பைத் தம் விருப்பத்திற்கு வளைக்காத நேர்மையினாலேயே டிராக் நம் போற்றுதலுக்கு உரியவராகிறார். நம் காலனிச் சிறுவர்கள் இனிக் காந்தத்தை உடைத்துவிட்டு ஏமாந்து நின்றால், அவர்களைக் கடிந்துகொள்ளாமல் இப்பெரியாரின் கதையைச் சொல்வோமாக.