60 கிலோ மீட்டர் மலைச் சாலை, 21 நிமிடம்: மைக் ஹெய்ல்வுட்டின் கதை

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோ மீட்டர். அந்தச் சாலையைப் பற்றி நம் கேமரன் மலைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பஸ்ஸில் ஏறினால் ரிங்லெட் வருவதற்குள் பாதிப் பேருக்கு வயிற்றைப் புரட்டும். காய்கறி லோரி ஒன்று முன்னால் போனால் அவ்வளவுதான், அதன் பின்னாலேயே ஊர்ந்து வர வேண்டும். கப்சாயில் வரும் பையன்கள் மட்டும் வளைவுக்கு வளைவு சாய்ந்து முந்திக்கொண்டு போவார்கள். வீட்டில் தாய்மார்கள் வாசலைப் பார்த்தபடி இருப்பார்கள்.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே ஐல் ஆஃப் மேன் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அங்கேயும் ஒரு மலைச் சாலை. ஒரு சுற்று 60.7 கிலோ மீட்டர், 200க்கும் மேற்பட்ட வளைவுகள். பந்தயத் திடல் அல்ல, மக்கள் அன்றாடம் போய்வரும் சாலைதான். இருபுறமும் கல்சுவர், வீடு, விளக்குக் கம்பம். மேலே ஏறினால் பிரிஞ்சாங் போலவே பனிமூட்டம். ஆண்டுக்கு ஒரு முறை அதை மூடிவிட்டு மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்துவார்கள். 1967ஆம் ஆண்டு அந்தச் சுற்றை 20 நிமிடம் 48.8 விநாடியில் ஒருவர் ஓட்டி முடித்தார். சராசரி வேகம் மணிக்கு 175 கிலோ மீட்டர். தாப்பாவில் கிளம்பியவர் 21 நிமிடத்துக்குள் தானா ராத்தாவில் வந்து நின்றால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அவர்தான் மைக் ஹெய்ல்வுட். 1940 ஏப்ரல் 2ஆம் தேதி இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷர் வட்டாரத்தில் பிறந்தார். அப்பா ஸ்டான் மோட்டார் சைக்கிள் கடைகள் பல வைத்திருந்த பெரும் பணக்காரர். வறுமையில் வளர்ந்து முன்னேறியவர்களின் கதையைத்தான் நாம் பெரும்பாலும் படிக்கிறோம். இவர் கதை அப்படியல்ல. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட மகனுக்கு அப்பா கேட்டதற்கு மேலேயே வாங்கிக் கொடுத்தார். 1957 ஏப்ரலில், 17 வயதில், ஓல்ட்டன் பார்க் திடலில் முதல் பந்தயம். 11ஆவது இடம். அந்தக் குளிர்காலத்திலேயே அப்பா மகனைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பி அங்கேயும் ஓட்டிப் பழக வைத்தார்.

மற்ற ஓட்டுநர்கள் சொந்த வண்டியைத் தாங்களே பிரித்துப் பூட்டி, வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன காலம் அது. இந்தப் பையன் மட்டும் நல்ல வண்டி, நல்ல மெக்கானிக்கோடு வந்து இறங்கினான். அப்பாவுக்குப் பணப்பை ஸ்டான் என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அப்பன் காசில் ஜெயிக்கிறான் என்ற பேச்சு எழுந்தது. அதில் தவறும் இல்லை. ஆனால் காசு வண்டியை வாங்கித் தரும், வளைவில் சாய்த்துத் தராது. 19 வயதில், 1959இல், டுக்காட்டி வண்டியில் முதல் உலகச் சாம்பியன் பந்தய வெற்றியைப் பெற்றார். கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பேச்சு அடங்கியது.

முழுதாக அடங்கியது 1961 ஜூனில். ஐல் ஆஃப் மேனில் ஒரே வாரத்தில் நான்கு வகைப் பந்தயங்களில் இறங்கினார். 125 சிசியில் வெற்றி, 250 சிசியில் வெற்றி, 500 சிசியிலும் வெற்றி. 350 சிசியிலும் முன்னணியில் இருந்தபோதுதான் கடைசிச் சுற்றில் எஞ்சின் உடைந்துவிட்டது. ஒரே வாரத்தில் மூன்று வெற்றி அதுவரை எவரும் பெறாதது. அப்போது அவருக்கு வயது 21.

இங்கே நமக்குத் தெரிந்த ஒரு பெயர் வருகிறது. அந்த 125, 250 சிசி வண்டிகள் இரண்டும் ஹோண்டா. ஜப்பான்காரன் வண்டி என்று ஐரோப்பியர்கள் சிரித்துக்கொண்டிருந்த நேரம். ஹோண்டா அந்தத் தீவுக்கு முதன்முதலில் வந்தது 1959இல்தான். இரண்டே ஆண்டில் அதற்கு அங்கே முதல் வெற்றியைத் தேடிக் கொடுத்தவர் ஹெய்ல்வுட். அந்த ஆண்டே 250 சிசி உலகச் சாம்பியன் பட்டத்தையும் ஹோண்டாவில் வென்றார். லயத்துக்கு லயம் ஹோண்டா கப்சாய் நின்ற காலத்தில் வளர்ந்தவன் நான். அந்தப் பெயருக்கு உலகச் சந்தையில் மதிப்புத் தேடித் தந்தவர்களில் இந்த வெள்ளைக்காரரும் ஒருவர் என்பது வெகுகாலம் எனக்குத் தெரியாது.

அதன்பின் இத்தாலியின் எம்வி அகுஸ்தா நிறுவனம் அவரைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. 1962 முதல் 1965 வரை நான்கு ஆண்டும் 500 சிசி உலகப் பட்டம் அவருக்கே. 1965 தீவுப் பந்தயம் மழையில் நடந்தது. ஒரு வளைவில் வழுக்கி விழுந்தார். முன்கண்ணாடி நொறுங்கியது, புகைக்குழாய் நசுங்கியது, மூக்கில் இரத்தம். அவருடைய குழுவிலேயே இருந்த இளம் இத்தாலியர் ஜாக்கோமோ அகோஸ்தினியும் அதே இடத்தில் விழுந்து வெளியேறியிருந்தார். ஹெய்ல்வுட் வண்டியை நிமிர்த்தி, கிளப்பி, மீதிச் சுற்றுகளையும் ஓட்டி வென்றார்.

1966இல் ஹோண்டாவுக்குத் திரும்பினார். 250, 350 இரண்டிலும் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் உலகப் பட்டம். 500 சிசி மட்டும் வசப்படவில்லை. ஹோண்டாவின் பெரிய வண்டிக்குப் பலம் இருந்ததே தவிர, அதைத் தாங்கும் சட்டகம் இல்லை. நேர்ச்சாலையில்கூடத் தலையை ஆட்டும். அந்த ஆட்டத்தோடு 1967இல் அகோஸ்தினியை எதிர்த்து நின்றார். ஆண்டு முடிவில் இருவருக்கும் 5 வெற்றி, இருவருக்கும் 46 புள்ளி. இரண்டாம் இடங்கள் அதிகம் என்பதால் பட்டம் அகோஸ்தினிக்குப் போனது.

முதலில் சொன்ன 20 நிமிடம் 48.8 விநாடி அந்த ஆண்டுதான். அன்று வேகத்தை முறுக்கும் வலது கைப்பிடி கழன்று ஆடத் தொடங்கிவிட்டது. அதைக் கையால் பிடித்து இழுத்துக்கொண்டே ஓட்டினார். இருவரும் விநாடிக் கணக்கில் மோதிக்கொண்டிருந்தபோது அகோஸ்தினியின் வண்டியில் சங்கிலி அறுந்தது. ஹெய்ல்வுட் வென்றார். அந்தச் சுற்று வேகத்தை மிஞ்ச 1975 வரை யாராலும் முடியவில்லை.

1968இல் ஹோண்டா பந்தயத்திலிருந்து விலகியது. வேறு நிறுவனத்துக்கு அவர் ஓட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அவருக்குப் பெரிய தொகை கொடுத்தது. 27 வயது, கணக்கில் 9 உலகப் பட்டம், 76 உலகச் சாம்பியன் பந்தய வெற்றி. மேலே போக ஏதுமில்லை, கார் பந்தயத்துக்குப் போனார்.

காரில் அவர் நல்ல ஓட்டுநர், அவ்வளவுதான். ஃபார்முலா ஒன்னில் ஒரு வெற்றிகூட இல்லை. 1972இல் இத்தாலியில் பெற்ற இரண்டாம் இடம்தான் உச்சம். அந்த ஆண்டு ஃபார்முலா டூ ஐரோப்பியப் பட்டத்தை வென்றார். ஆனால் அந்தக் காலத்திலிருந்து மறக்கக் கூடாத நாள் ஒன்று உண்டு.

1973 மார்ச் 3, தென்னாப்பிரிக்காவின் கியலாமி திடல். கார்கள் மோதிக்கொண்டதில் கிளே ரெகஸோனியின் கார் தீப்பற்றியது. உள்ளே அவர் நினைவிழந்து கிடந்தார். ஹெய்ல்வுட் தம் காரிலிருந்து குதித்து ஓடி, எரியும் காருக்குள் கைவிட்டு இருக்கை வாரை அவிழ்க்க முயன்றார். அவருடைய உடையிலேயே தீப்பிடித்தது. விலகி வந்தார், தீயை அணைத்தார்கள். அதோடு நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மறுபடியும் தீக்குள் போனார். ரெகஸோனி உயிரோடு வெளியே வந்தார். பிரிட்டன் ஹெய்ல்வுட்டுக்கு ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது. பந்தயக் கோப்பை அல்ல, வீரத்துக்கான அரச விருது. நடந்ததைப் பற்றி அவர் வீட்டில் வாயைத் திறக்கவில்லை, மறுநாள் செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள் என்று சொல்வார்கள்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் திடலில் அவருடைய மெக்லாரன் கார் தடுப்பில் மோதியது. கால் மோசமாக நொறுங்கியது. கார் பந்தயம் அத்தோடு முடிந்தது. நொண்டியபடி நியூசிலாந்துக்குப் போய்க் குடும்பத்தோடு குடியேறினார். மகள், மகன். 30களின் நடுவில் ஓய்வு பெற்றவர்.

ஓய்வு அவருக்கு ஒத்துவரவில்லை. 1978இல் மறுபடியும் ஐல் ஆஃப் மேனில் ஓட்டப்போகிறேன் என்று கிளம்பினார். வயது 38, வழுக்கை விழுந்த தலை, சரியாக மடங்காத கால். அந்தச் சாலையில் கடைசியாகப் பந்தயம் ஓட்டி 11 ஆண்டு. அந்தச் சாலை எப்படிப்பட்டது என்றும் சொல்லிவிட வேண்டும். பந்தயம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை அங்கே இறந்தவர்கள் 250 பேருக்கு மேல். உயிராபத்து அதிகம் என்று அகோஸ்தினி போன்றவர்களே ஒதுங்கினார்கள், 1976க்குப் பிறகு உலகச் சாம்பியன் போட்டிப் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். பெயரைக் கெடுத்துக்கொள்வார், இல்லை உயிரை விடுவார் என்று நண்பர்களே பயந்தார்கள்.

ஜூன் 3ஆம் தேதி. மான்செஸ்டர் கடைக்காரர்கள் சிலர் தயார் செய்து கொடுத்த டுக்காட்டி வண்டி. எதிரே பழைய போட்டியாளர் ஃபில் ரீட், ஹோண்டா நிறுவனத்தின் வண்டியில். அங்கே எல்லோரையும் ஒன்றாக விடமாட்டார்கள். ரீட் 50 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டார். ஹெய்ல்வுட் அந்த 50 விநாடியையும் வழியிலேயே விழுங்கிவிட்டு ரீடின் சக்கரத்தோடு சக்கரமாக வந்து சேர்ந்தார். பிறகு ரீடின் வண்டி பழுதாகி நின்றது. சுவரோரம் நின்ற கூட்டம் கையிலிருந்த தாளையெல்லாம் ஆட்டி அவரை வீட்டுக்கு அனுப்பியது. வெறும் வாழ்த்துக்காக வந்த கிழவன் என்று நினைத்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். சராசரி வேகம் மணிக்கு 174 கிலோ மீட்டருக்கும் மேல்.

அடுத்த ஆண்டும் வந்து, சுஸுக்கி வண்டியில் பெரிய பந்தயத்தை வென்றார். தீவில் அது 14ஆவது வெற்றி. அதன்பின் உண்மையாகவே போதும் என்று நிறுத்திக்கொண்டு, பர்மிங்ஹாமில் கூட்டாளி ஒருவரோடு மோட்டார் சைக்கிள் கடை திறந்தார். வாரிக்‌ஷர் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் வீடு.

1981 மார்ச் 21, சனிக்கிழமை மாலை. மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கி வரலாம் என்று பிள்ளைகள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நாம் பசார் மாலாமுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது போலத்தான். பந்தயம் இல்லை, மழை வளைவு இல்லை. இரட்டை வழிச் சாலை. முன்னால் போன லோரி ஒன்று, நடுத்தடுப்பில் இருந்த இடைவெளி வழியாக, திரும்பக் கூடாத இடத்தில் திரும்பியது. சாலையை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்ற லோரியில் கார் மோதியது.

9 வயது மகள் அந்த இடத்திலேயே இறந்தாள். மகன் சிறு காயங்களோடு பிழைத்தான். ஹெய்ல்வுட் இரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்து, மார்ச் 23ஆம் தேதி உயிர் விட்டார். 41 வயதாக இன்னும் பத்தே நாள்.

நான் இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். கல்சுவருக்கு நடுவே 175 கிலோ மீட்டர் வேகத்தில் போய் உயிரோடு திரும்பியவர். எரியும் காருக்குள் இரு முறை கைவிட்டவர். அந்தத் தீவில் அவர் ஓட்டிய நாட்களில் எதிரே வண்டி வராது, குறுக்கே லோரி திரும்பாது, வளைவுக்கு வளைவு கொடியோடு ஆள் நிற்கும். ரிங்லெட் வளைவில் நம் பையனுக்கு அந்தக் கொடிக்காரர் கிடையாது.

லோரி ஓட்டுநருக்கு நீதிமன்றம் விதித்தது 100 பவுண்டு அபராதம்.

டுக்காட்டி நிறுவனம் அவருடைய பெயரிலேயே ஒரு வண்டியை வெளியிட்டு, சில ஆண்டுகள் ஆயிரக்கணக்கில் விற்றது. தீவில் அந்த 60 கிலோ மீட்டர் சாலை மலையேறி உச்சியைத் தொடும் இடத்துக்கு, கடல் மட்டத்திலிருந்து 420 மீட்டர் சொச்சம், இப்போது ஹெய்ல்வுட் உச்சி என்று பெயர். பனி இறங்கும் நாட்களில் பந்தயத்தை நிறுத்தி வைக்க வேண்டிவருவது பெரும்பாலும் அந்த மலைப்பகுதியால்தான்.