லான்ஸ் நாயக் லாலா

தலைநகர் வாழ் தமிழருள் இந்தியா கேட்டைக் காணாதார் இலர். முதல் உலகப் போரில் மடிந்த இந்திய வீரர் நினைவாக 1931-ம் ஆண்டில் திறக்கப்பெற்ற அவ்வளைவிலே பொறித்துள்ள போர்க்களங்களுள் மெசபட்டோமியாவும் ஒன்று. இந்நாளில் இராக் என வழங்கும் அந்நாட்டுக் களத்தில், தம் தோழரைச் சாவின் வாயினின்று மீட்ட ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுவோம்.

இன்றைய இமாசலப் பிரதேசத்தின் ஹமீர்ப்பூர் மாவட்டத்தில், பரோல் என்னும் சிற்றூரில், 1876-ம் ஆண்டு பிறந்தவர் லாலா. 41-வது டோக்ரா படைப்பிரிவில் சேர்ந்து லான்ஸ் நாயக் ஆனார்.

1915 டிசம்பரில், டைகிரிஸ் நதிக்கரையிலுள்ள கூட் நகரில் ஆங்கிலேய இந்தியப் படையொன்றைத் துருக்கியர் முற்றுகையிட்டனர். அதனை மீட்கச் சென்ற சேனை, 1916 ஜனவரி 21-ம் நாள், ஹன்னா என்னுமிடத்தில் துருக்கியரைத் தாக்கித் தோல்வியுற்றது. காயமுற்றோர் வெட்டவெளியில், மழையிலும் சேற்றிலும் கிடந்தனர். குண்டுக்குத் தப்பியவரையும் குளிர் கொன்றது.

அந்நிலையில் லாலா தம் கையாலேயே சிறு மறைவிடம் ஒன்று அமைத்தார். அதில் நால்வருக்குக் கட்டுப் போட்டார். பகைவர்க்கு அருகே கிடந்த வேறொரு படைப்பிரிவின் அதிகாரியையும் இழுத்து வந்து காத்தார். அப்போது தம் படைப்பிரிவின் அட்ஜுடண்ட் உதவி கோரிக் கூவுவது கேட்டது. அவர் கிடந்த இடத்திற்கும் பகைவர்க்கும் இடையே நூறு கஜமே தொலைவு. தடுத்தோர் சொல்லைக் கேளாது லாலா அவரிடம் சென்றார். முதுகில் சுமந்து தவழ்ந்து வருவதாகக் கூறியும் அதற்கு இசைவு கிடைக்கவில்லை. உடனே தம் ஆடைகளைக் களைந்து அவருக்குப் போர்த்தினார். பொழுது சாயும்வரை அவர் அருகிலேயே இருந்தார். இருட்டியபின் முதலில் மீட்ட அதிகாரியைச் சுமந்து சென்று பதுங்குகுழியில் சேர்த்தார். மீண்டும் தூக்குக் கட்டிலுடன் வந்து அட்ஜுடண்டையும் கொண்டு சேர்த்தார்.

கூட் நகரை மீட்க இயலவில்லை. ஏப்ரல் 29-ம் நாள் அங்கிருந்த படை சரணடைந்தது. மறுமாதம் லாலாவுக்கு விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. இந்தியச் சிப்பாய்கள் அவ்விருதுக்கு உரியோராக்கப்பட்டது 1911-ம் ஆண்டில்தான். 1927-ம் ஆண்டு அவர் காலமானார்.

பாய்ந்து சென்று பகைவனை வெல்வது வீரமே. ஆயின், கொல்லும் குளிரில் தன் ஆடையைப் பிறனுக்களித்து, குண்டுகளின் நடுவே அவனுக்குத் துணையாய் அமர்ந்திருத்தல் அதனினும் அரிது. வீரத்திற்கும் அன்பே துணை என்பது நம் முன்னோர் கொள்கை. அதனை வாழ்ந்து காட்டியவர், தமிழறியாத அம்மலைநாட்டு வீரர். இனி இந்தியா கேட்டைக் கடக்கும்போது, மாண்டோரோடு, மாளாமல் காத்த இவரையும் நினைவோமாக.