சிறைக்குப் போன சிரிப்பு
கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் வாழ்க்கைக் கதை

தென்காசியில் இருந்து குற்றாலம் போகும் வழியில் மேலகரம் என்ற ஊர் இருக்கிறது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூட ராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் அது.

அந்தக் குறவஞ்சியில் சிங்கன், சிங்கி என்று ஒரு ஜோடி வருகிறது. காணாமல் போன சிங்கியைச் சிங்கன் தேடி அலைவதும், கண்டதும் அவள் போட்டிருக்கும் நகைகளைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்பதும், அவள் சளைக்காமல் பதில் சொல்வதும் படிப்பவர்களைச் சிரிக்க வைக்கும்.

ஆணும் பெண்ணும் சரிக்குச் சரி பேசிச் சிரிக்க வைப்பது நம் மண்ணுக்குப் புதிது அல்ல. அதையே பேசும் படத்துக்குக் கொண்டு வந்து, தமிழ்நாடு முழுவதையும் வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தது இன்னொரு ஜோடி. என்.எஸ்.கிருஷ்ணன், டி.ஏ.மதுரம் ஜோடிதான் அது.

ஊரைச் சிரிக்க வைத்த அந்த மனிதர் மீது ஒரு நாள் கொலைப் பழி விழுந்தது. புகழின் உச்சியில் இருந்தவர் சிறைக்குப் போனார்.

இங்கிலாந்தில் ஃபாயில்ஸ் வார் என்ற துப்பறியும் தொடர் 2002-ம் ஆண்டு முதல் டெலிவிஷனில் வந்தது. இரண்டாவது உலக யுத்த காலத்திலும், யுத்தம் முடிந்த கையோடும் நடக்கும் குற்றங்களைப் பற்றிய கற்பனைக் கதை அது. அதே ஆண்டுகளில், கற்பனையை மிஞ்சும் ஒரு வழக்கு சென்னையில் நடந்தது. அதில் சிக்கி மீண்டவர்தான் கலைவாணர்.

ஏழை வீட்டுப் பிள்ளை

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில், 1908-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி கிருஷ்ணன் பிறந்தார். தந்தை சுடலைமுத்துப் பிள்ளை. தாயார் இசக்கியம்மாள்.

அந்தக் காலத்தில் நாகர்கோவில் திருவாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள செங்கோட்டையும் அதே சமஸ்தானத்தில்தான் இருந்தது. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி இரண்டும் தமிழகத்தோடு சேர்ந்தன.

வீட்டில் வறுமை. அதிகம் படிக்க வசதி இல்லை. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்று நாலு காசு சம்பாதித்தார் சிறுவன் கிருஷ்ணன். விற்கப் போன இடத்தில் நாடகம் அவர் மனதில் ஒட்டிக் கொண்டது.

அந்த வட்டாரத்துக் கோவில் கொடைகளில் வில்லுப்பாட்டு இல்லாமல் இருக்காது. வில்லை அடித்துக் கதை சொல்லிக் கொண்டே, நடுவில் ஒரு கேலி, ஒரு குத்தல் வைப்பார்கள். கேட்பவர்கள் சிரித்துக் கொண்டே கதையை மனதில் வாங்கிக் கொள்வார்கள். அந்த வித்தை கிருஷ்ணனின் ரத்தத்தில் ஊறியது.

பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நாடகம் நடத்திய காலம் அது. நடிப்பு, பாட்டு, மேடை வேலை எல்லாவற்றையும் அங்கே கற்றுக் கொண்டார்.

பட உலகில்

டி.கே.எஸ். சகோதரர்களின் மேனகா 1935-ம் ஆண்டு படமாக வந்தது. துப்பறியும் கதைகள் எழுதிப் பெயர் பெற்ற வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல் அது. அதில் கிருஷ்ணன் நடித்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த சதி லீலாவதியிலும் நடித்தார். எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம்.

வசந்தசேனா என்ற படத்தில் நடித்தபோது டி.ஏ.மதுரம் அறிமுகமானார். படத்தில் ஜோடியாக நடித்தவர்கள் வாழ்க்கையிலும் ஜோடி ஆனார்கள்.

இந்த இருவரும் இருந்தால்தான் படம் ஓடும் என்ற நிலை வந்தது. நகைச்சுவைக் காட்சிகளைக் கிருஷ்ணனே யோசித்து அமைத்துக் கொள்வார்.

அவருடைய சிரிப்பில் ஒரு தனி குணம் உண்டு. அடித்து உதைத்துச் சிரிக்க வைக்க மாட்டார். நொண்டியையும் குருடரையும் கேலி செய்ய மாட்டார். குடிப்பழக்கம், மூடநம்பிக்கை, வெளிவேஷம் இவைதான் அவர் கேலிக்கு ஆளாகும். சிரித்து விட்டு வீட்டுக்குப் போனவர், இரவு படுக்கும்போது கொஞ்சம் யோசிப்பார்.

யுத்த காலமும் மஞ்சள் பத்திரிகையும்

இரண்டாவது உலக யுத்தம் சென்னையையும் ஆட்டி வைத்தது. ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் 1942-ம் ஆண்டு சென்னைவாசிகள் பலர் ஊரைக் காலி செய்து கொண்டு போனார்கள். அரிசிக்குப் பங்கீடு வந்தது. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. பத்திரிகைத் தாளுக்கும் கட்டுப்பாடு. பத்திரிகை நடத்த அரசாங்கத்தின் அனுமதி வேண்டும்.

அந்தச் சமயத்தில் சினிமா தூது என்று ஒரு பத்திரிகை வந்து கொண்டிருந்தது. அதை நடத்தியவர் லட்சுமிகாந்தன். நடிகர், நடிகைகளின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி எழுதுவதே அதன் வேலை. எழுதியது மெய்யோ பொய்யோ, ஜனங்கள் வாங்கிப் படித்தார்கள். பெயர் கெட்டவர்கள் மனம் நொந்தார்கள்.

ஏழிசை மன்னர் எம்.கே.தியாகராஜ பாகவதரும், கிருஷ்ணனும், பட முதலாளி ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னரிடம் மனுக் கொடுத்தார்கள். பத்திரிகையின் அனுமதி ரத்து ஆயிற்று. லட்சுமிகாந்தன் சும்மா இருக்கவில்லை. இந்து நேசன் என்ற பத்திரிகையில் மறுபடியும் எழுதத் தொடங்கினார்.

வேப்பேரியில் கத்திக்குத்து

1944-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி. சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் ரிக்ஷாவில் போய்க் கொண்டிருந்தார். வழியில் அவரை மறித்துக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் அவர் இறந்து போனார்.

போலீசார் விசாரணையில் இறங்கினார்கள். லட்சுமிகாந்தனால் பாதிக்கப்பட்டவர்கள் யார் யார் என்று பார்த்தால், பட்டியல் நீளமாக இருந்தது. கவர்னரிடம் மனுக் கொடுத்தவர்கள் மீது சந்தேகம் விழுந்தது. பணம் கொடுத்து ஆட்களை ஏவினார்கள் என்பது போலீஸ் தரப்பு வழக்கு.

பாகவதர், கிருஷ்ணன், ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கைது செய்யப்பட்டனர். தமிழ்நாடு திகைத்துப் போயிற்று.

அந்த ஆண்டு தீபாவளிக்குத்தான் ஹரிதாஸ் படம் வெளிவந்திருந்தது. பாகவதர் கதாநாயகர். கிருஷ்ணனும் மதுரமும் நகைச்சுவை ஜோடி. சென்னை பிராட்வே டாக்கீசில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது. திரையில் பாடியவரும் சிரிக்க வைத்தவரும் அந்தக் காலத்தின் பெரும் பகுதியைச் சிறைக்குள் கழித்தார்கள்.

ஆயுள் தண்டனை

வழக்கு சென்னை ஐகோர்ட்டில் ஜூரர்கள் முன்னிலையில் நடந்தது. நீதிபதி மாக்கெட் விசாரித்தார்.

இந்த வழக்கில் அப்ரூவர் சாட்சியம் முக்கியமாக இருந்தது. குற்றத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக் கொண்டு, மன்னிப்புப் பெற்று, மற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்பவர்தான் அப்ரூவர். தான் தப்புவதற்காக அவர் பிறரை மாட்டி வைக்கவும் கூடும். ஆகவே அவர் சொல்வதற்கு வேறு ஆதாரம் வேண்டும் என்பது சட்டம் கற்றுத் தரும் எச்சரிக்கை.

1945-ம் ஆண்டு மே மாதம் தீர்ப்பு வந்தது. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை ஆனார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. ஐரோப்பாவில் யுத்தம் முடிந்து ஜனங்கள் கொண்டாடியதும் அதே மே மாதம்தான்.

ஐகோர்ட்டில் அப்பீல் செய்தார்கள். அப்பீல் தள்ளுபடி ஆயிற்று.

மதுரத்தின் போராட்டம்

கணவர் சிறையில். வருமானம் இல்லை. வழக்குச் செலவோ மலை போல் நிற்கிறது. மதுரம் மூலையில் உட்கார்ந்து அழவில்லை.

என்.எஸ்.கே. நாடக சபாவைக் கலைய விடாமல் காப்பாற்றினார். எஸ்.வி.சகஸ்ரநாமம் முன்னின்று நாடகங்களை நடத்தினார். பைத்தியக்காரன் என்ற நாடகம் நன்றாக ஓடியது. அதையே படமாக எடுக்கும் வேலையும் தொடங்கியது.

அந்தக் காலத்தில் கடைசி அப்பீல் லண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலுக்குத்தான் போக வேண்டும். கடல் கடந்து போகும் வழக்கு என்றால் லேசான செலவா? இருந்தும் வழக்கு லண்டனுக்குப் போயிற்று.

லண்டன் சொன்ன முடிவு

பிரிவி கவுன்சில் நீதிபதிகள் கொலை செய்தது யார் என்று ஆராய முற்படவில்லை. வேறு ஒரு கேள்வியைப் பார்த்தார்கள். சென்னை ஐகோர்ட்டு அப்பீலைச் சரியான முறையில் விசாரித்ததா என்பதுதான் அந்தக் கேள்வி.

ஐகோர்ட்டில் ஜூரர்கள் குற்றவாளி என்று சொல்லி விட்டால், சாட்சியத்தை அப்பீலில் மறுபடி அலசுவதற்கு முன்பு இடம் இல்லாமல் இருந்தது. 1943-ம் ஆண்டு சட்டத்தில் ஒரு புதிய பிரிவைச் சேர்த்து, அந்த உரிமையைக் கொடுத்தார்கள். அந்த உரிமை எவ்வளவு பெரியது என்பதை அப்பீல் கோர்ட்டு தவறாகக் குறுக்கிப் பார்த்து விட்டது என்று பிரிவி கவுன்சில் முடிவு செய்தது. வழக்கை மீண்டும் விசாரிக்கும்படி சென்னைக்கே திருப்பி அனுப்பியது.

இந்தத் தடவை வக்கீல் வி.எல்.எத்திராஜ் வாதாடினார். 1948-ம் ஆண்டு பெண்களுக்காகச் சென்னையில் கல்லூரி தொடங்கிய அதே எத்திராஜ்தான். சாட்சியங்கள் ஒவ்வொன்றாக மறுபடி அலசப்பட்டன. அவற்றை நம்பித் தண்டிக்க முடியாது என்ற முடிவு வந்தது.

1947-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பாகவதரும் கிருஷ்ணனும் விடுதலை ஆனார்கள். சுமார் 30 மாதச் சிறைவாசம் முடிந்தது. நான்கு மாதத்தில் நாடும் விடுதலை பெற்றது.

துப்பறியும் கதைகளில் கடைசிப் பக்கத்தில் கொலைகாரன் யார் என்று தெரிந்து விடும். இந்தக் கதையில் அது நடக்கவில்லை. லட்சுமிகாந்தனைக் கொல்லத் திட்டம் போட்டது யார் என்பது இன்றும் புதிர்தான். ஆனால் போதிய ஆதாரம் இல்லாமல் ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்ற நீதி நிலைத்தது. கொலையுண்டவரின் குடும்பத்துக்கு அது ஆறுதல் தராது. என்றாலும் குற்றம் நிரூபிக்கப்படாதவரைச் சிறையில் வைப்பதால் அந்தத் துயரம் தீர்ந்து விடாது.

வெளியே வந்த பிறகு

பாகவதரின் மனம் உடைந்து போயிற்று. மீண்டும் படங்களில் நடித்தாலும் பழைய ஒளி திரும்பவில்லை. 1959-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி அவர் காலமானார்.

கிருஷ்ணனோ, வெளியே வந்ததும் வேலையில் இறங்கினார். முடியும் தறுவாயில் இருந்த பைத்தியக்காரன் படத்தில் அவருக்காக ஒரு வேடத்தைச் சேர்த்தார்கள். 1948-ம் ஆண்டு வந்த சந்திரலேகாவில் கிருஷ்ணன், மதுரம் ஜோடியை மறுபடி கண்டு ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள்.

1949-ம் ஆண்டு நல்லதம்பி வந்தது. கதை வசனம் அறிஞர் அண்ணா. அந்தப் படத்தில்தான் கிந்தனார் காலட்சேபம் வருகிறது. நந்தனார் கதையின் பாணியில் அமைந்த புதுக் கதை அது. தாழ்த்தப்பட்ட குடும்பத்துச் சிறுவன் கிந்தன், படிப்புக்கு ஆசைப்பட்டுப் பட்டணம் போகிறான். படித்துப் பெரியவனாகி, கல்வி அதிகாரியாகத் தன் ஊருக்கே திரும்பி வருகிறான். அன்று விரட்டியவர்கள் வரவேற்கிறார்கள்.

பள்ளிக்கூடம் பக்கமே போகாத பெற்றோர்கள் அதைக் கேட்டார்கள். பிள்ளையைப் படிக்க வைத்தால் தலை நிமிரலாம் என்பதைச் சிரித்துக் கொண்டே தெரிந்து கொண்டார்கள். தானே அதிகம் படிக்க முடியாமல் போனவர் சொன்ன பாடம் அல்லவா, அது மனதில் தைத்தது.

மணமகள், பணம் ஆகிய படங்களை அவரே டைரக்ட் செய்தார். கோவில் கொடையோடு நின்றிருந்த வில்லுப்பாட்டை நகரத்து மேடைக்குக் கொண்டு போனார். மகாத்மா காந்தியின் கதையை வில்லில் பாடினார். நெல்லைச் சீமையைச் சேர்ந்த சுப்பு ஆறுமுகத்தின் திறமையைக் கண்டு அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றவரும் கிருஷ்ணன்தான். அதன் பிறகு பல ஆண்டுகள் வில்லிசை என்றாலே சுப்பு ஆறுமுகம் என்று பெயர் விளங்கியது.

கொடுத்துச் சிவந்த கை

லட்சம் லட்சமாகச் சம்பாதித்தவர் என்று கிருஷ்ணனைச் சொல்வார்கள். ஆனால் சேர்த்து வைக்கத் தெரியாதவர். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொன்னது கிடையாது. தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்ப்பதும் கிடையாது.

சிறைக்குப் போவதற்கு முன்பும் கொடுத்தார். இருந்ததை எல்லாம் வழக்கு விழுங்கிய பிறகும் கொடுத்தார். கைப்பொருள் கரைந்தது, நோயும் வந்தது. 1957-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 48.

1969-ம் ஆண்டு ஜனவரி மாதம், சென்னை தியாகராயநகரில் அவருடைய சிலையை முதல்-அமைச்சர் அண்ணா திறந்து வைத்தார். நோயோடு வந்து அண்ணா கலந்து கொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுதான். சென்னை வாலாஜா சாலையில் உள்ள கலைவாணர் அரங்கமும் அவர் பெயரைச் சொல்லிக் கொண்டு நிற்கிறது.

வீண் பழி வந்தால் சிலர் உலகத்தையே வெறுத்து விடுவார்கள். சிலர் பழிக்குப் பழி வாங்கத் துடிப்பார்கள். கலைவாணர் இரண்டும் செய்யவில்லை. இரண்டரை ஆண்டு அவரைப் பூட்டி வைத்த அதே ஊரில், சிறைக் கதவு திறந்ததும் மறுபடி ஜனங்களைச் சிரிக்க வைத்தார்; கூடவே சிந்திக்கவும் வைத்தார். சிறை அவருடைய செல்வத்தைப் பறித்தது. அவருடைய சிரிப்பை அதனால் பறிக்க முடியவில்லை.