கைகாட்டி நட்ட அறிஞர் டைக்ஸ்ட்ரா

தோழர்களே! களத்தில் வென்றவனைப் பாடி மகிழ்ந்தவர்கள் நம் முன்னோர். கணிப்பொறிக்குள் மூண்ட பூசலைத் தீர்க்க வழிகண்ட எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவை நாம் அறிய வேண்டாமா? அதிலும், கணிப்பொறியால் பல்லாயிரவர் பிழைக்கும் இந்தப் பெங்களூரில் பயிலும் நாம்!

1930ஆம் ஆண்டு மே 11ஆம் நாள், ஆலந்து நாட்டு ராட்டர்டாமில் அவர் பிறந்தார். தந்தை வேதியியல் ஆசிரியர். தாய் கணிதம் கற்றவர். லைடனில் இயற்பியல் பயின்ற இளைஞர், 1951இல் கேம்பிரிட்ஜ் சென்று மூன்று வாரம் நிரல் எழுதக் கற்றார். மறு ஆண்டே ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் நிரலாளரானார். 1957இல் தம் திருமணப் பதிவில் தொழில் நிரலாளர் என்றெழுதினார். அப்படியொரு தொழிலே இல்லையென மறுத்துவிட்டனர் அலுவலர்கள்! இயற்பியலாளர் என்றெழுதியே மணம் முடித்தார்.

அக்காலப் பொறிகள் ஒன்றை முடித்தபின்பே அடுத்ததைத் தொடும். எக்ஸ்1 என்ற புதுப் பொறியோ, வெளிக் கருவி அழைத்தால் செய்யும் வேலையை நடுவில் விட்டு அதைக் கவனித்துத் திரும்பும். அழைப்பு எக்கணத்தில் வரும்? எவரும் அறியார். அஞ்சினார் டைக்ஸ்ட்ரா. ஏன்?

நம் சங்க ஏட்டில் 500 ரூபாய் இருப்பு என்று கொள்வோம். இரு பொருளாளர்கள் ஒரே வேளையில் அதைப் பார்க்கின்றனர். ஒருவர் 50 சேர்த்து 550 என எழுதுகிறார். மற்றவர் தாம் கண்ட 500உடன் 30 சேர்த்து, முன்னதை அடித்து 530 என எழுதுகிறார். பெட்டியில் 580, ஏட்டில் 530! இருவரும் கூட்டியது சரி, திருடியவர் எவருமில்லை. இதுதான் டேட்டா ரேஸ். ஒருவர் சற்றே பிந்தியிருந்தால் பிழையே நேராது. உளவறிய நாம் கூடுதலாக ஒரு வரி சேர்த்தால், அந்தத் தாமதத்திலேயே பிழை ஒளிந்துகொள்ளும்.

இத்தகைய பிழையைத் துரத்துவதைவிட, நுழையவிடாமல் தடுப்பதே அறிவு எனக் கண்டார் அவர். எக்ஸ்1இன் அழைப்புகளை ஆளும் நிரலே 1959இல் அவருக்கு முனைவர் பட்டம் தந்தது. எத்தனை நிரல்கள் ஒருங்கே ஓடினும், பொதுப் பொருளை ஒரு நேரத்தில் ஒன்றே தொடும் வழியை 1965இல் ஒரே பக்கக் கட்டுரையில் நிறுவினார். ரயில் பாதையிலிருந்து கைகாட்டியையும் கடன் வாங்கினார். கைகாட்டி இறங்கினாலன்றி வண்டி ஒற்றைத் தண்டவாளத்தில் நுழையாது. நிரலும் அவ்வாறே காத்து நிற்கும். செமஃபோர் என உலகம் வழங்குவது இதுவே. ஐந்தோவன் பல்கலைக்கழகத்தில் சிறு குழுவோடு இம்முறையில் அவர் கட்டிய இயக்குதளம் 1968இல் வெளியுலகுக்கு வந்தது.

இது வெறும் ஏட்டுச் சண்டையா? அன்று. 1985 முதல் 1987 வரை தெராக்-25 என்னும் புற்றுநோய்க் கதிர்வீச்சுக் கருவி ஆறு நோயாளிகள் மீது அளவுமீறிய கதிரைப் பாய்ச்சியது, உயிர்கள் பலியாயின. பணியாளர் விரைந்து திருத்தினால் மட்டும் தலைகாட்டிய இத்தகைய பிழையும் அதற்கொரு காரணம்.

இன்று நம் மடிக்கணினியிலும் பல செயலிகள் ஒருங்கே ஓடுகின்றன. லினக்ஸ் கெர்னலில் 2020இல் சேர்ந்த கேசிசான் என்னும் கருவி, நினைவகத்தைத் தொடும் செயலைச் சற்றே நிறுத்திவைத்து, அதற்குள் வேறொன்று அங்கே கைவைக்கிறதா என்று பார்த்துப் பிடிக்கிறது. நல்ல கருவிதான். எனினும் கண்ணெதிரே நடந்ததையே அது காட்டும். நடவாததை அறிவால்தான் ஆராய வேண்டும். சோதனை பிழை இருப்பதைக் காட்டுமேயன்றி இன்மையை நிறுவாது என்பதே டைக்ஸ்ட்ரா வாழ்நாளெல்லாம் வலியுறுத்திய கொள்கை.

1972இல் டூரிங் விருது அவரைத் தேடி வந்தது. 1984இல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் சென்றார். கணிப்பொறி மேதை கடைசிவரை மைப்பேனாவை விடவில்லை. 1,300க்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதிக் குவித்தார். 2002ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் தாய்நாட்டில் மறைந்தார்.

தோழர்களே! ஆய்வகத்தில் நள்ளிரவில் ஓடாத நிரல், மறுமுறை தானே ஓடிவிட்டால் மகிழ்ந்து உறங்கப் போகாதீர்கள். மறைந்த பிழை மாண்ட பிழையன்று. காரணம் காணும்வரை ஓயாதிருப்பதே அப்பெரியாருக்கு நாம் செய்யும் நன்றி!