பால் எர்லிக்

மருத்துவ உலகிற்குப் பெருந்தொண்டு ஆற்றிய பால் எர்லிக், 1854ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள், அந்நாளில் பிரசிய நாட்டைச் சார்ந்திருந்த ஸ்ட்ரேலன் என்னும் ஊரில் பிறந்தார். அவர்தம் உறவினராகிய கார்ல் வைகர்ட், உடலின் மெல்லிய துண்டுகளுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்வதில் வல்லவர். அவரிடம் அக்கலையைப் பயின்ற எர்லிக், சாயங்களிடத்துத் தீராத வேட்கை கொண்டார்.

ஒரு சாயம் உடலின் எல்லாப் பகுதிகளையும் ஒருபடித்தாகப் பற்றுவதில்லை; ஒன்றைப் பற்றும்; மற்றொன்றை விட்டுவிடும். இதற்குக் காரணம் யாது என்னும் வினா அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

1878இல் லைப்சிக் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வுரையில், சாயத்தைப் பற்றும் நுண்மணிகள் நிறைந்த ஒருவகை உயிரணுக்களை அவர் விளக்கினார். அவை மிகுதியாக உணவு பெற்றுக் கொழுத்தவை என எண்ணி, கொழுக்க ஊட்டுதலைக் குறிக்கும் செருமானியச் சொல்லால் ‘மாஸ்ட்’ உயிரணுக்கள் எனப் பெயரிட்டார். பெயர் நிலைத்தது, கருத்து நிலைக்கவில்லை. 1953இல் ரைலி, வெஸ்ட் என்னும் பிரித்தானிய அறிஞர் இருவர், அவ்வுயிரணுக்களில் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருள் நிறைந்திருத்தலைக் கண்டறிந்தனர்.

எனினும், அப்பொருள் வெளிப்படும் வகையை அறிவதற்கு எர்லிக்கின் மற்றொரு கொள்கையே வழிகாட்டியது. இடையில் காசநோயுற்ற அவர், எகிப்து நாட்டில் தங்கி உடல் தேறி, மீண்டும் ஆய்வில் ஈடுபட்டார். உயிரணுவின்மீது குறிப்பிட்ட பொருளை மட்டும் பற்றும் உறுப்புகள் உள்ளன என 1897இல் விளக்கினார். பின்னர் அவை ஏற்பிகள் எனப்பட்டன.

நம் உடலில் தோன்றும் ஒருவகை எதிர்ப்பொருள் மாஸ்ட் உயிரணுவின் ஏற்பிகளில் பொருந்தி நிற்கும். மகரந்தம் போன்ற ஒவ்வாப் பொருள் வந்து, அண்டையில் நிற்கும் எதிர்ப்பொருள்களை ஒன்றோடொன்று பிணைத்தவுடன், உயிரணுவினுள் கால்சியம் பெருகும். நுண்மணிகள் திறந்து ஹிஸ்டமினை வெளியிடும். அதனால் தும்மலும் அரிப்பும் வீக்கமும் உண்டாகும். அட்ரினலினோ வேறோர் ஏற்பியைப் பற்றி அவ்வெளியீட்டைக் குறைக்கும். தூண்டுவதும் தடுப்பதும் இவ்வாறு வேதிப்பொருள்களே ஆகும்.

எர்லிக் 1908இல் நோபல் பரிசு பெற்றார். மேகப்புண் நோய்க்கு அவர் கண்ட சால்வர்சான் என்னும் மருந்து 1910இல் வழக்கிற்கு வந்தது. 1915இல் அவர் மறைந்தார்.

தாம் பெயரிட்ட உயிரணுவின் தொழிலை அவர் முற்றும் அறிந்திலர். ஆயினும் பின்வந்தோர் அதனை அறிதற்குரிய திறவுகோலை அவரே தந்து சென்றார். ஒரு கருத்துப் பிழைபடினும் உண்மை நாடும் உழைப்பு வீண்போகாது என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.