டேனியல் வெசன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வுஸ்டர் என்னும் ஊரில், 1825ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் டேனியல் வெசன் பிறந்தார். தந்தையார் உழவர், மரக்கலப்பை செய்வதிலும் வல்லவர். மைந்தருக்கோ கலப்பையினும் துப்பாக்கியின்மீதே நாட்டம் மிகுதி. தமையனார் எட்வின் பெயர்பெற்ற துப்பாக்கிக் கொல்லர். அவரிடமே டேனியல் தொழில் பயின்றார். 1849ஆம் ஆண்டில் எட்வின் கடன்பட்ட நிலையில் காலமானார்.

அந்நாளில் சாமுவேல் கோல்ட் செய்த சுழல்துப்பாக்கி எங்கும் புகழ்பெற்றிருந்தது. அதன் உருளையிலுள்ள ஒவ்வோர் அறையிலும் முன்புறமாக வெடிமருந்தை இட்டு, ஈயக்குண்டை வைத்து அழுத்திப் பின்புறத்தில் தீமூட்டும் செப்பு மூடியைப் பொருத்துதல் வேண்டும். ஓடும் குதிரைமேல் இருக்கும் வீரன் இவ்வளவும் செய்வது எங்ஙனம்? மருந்தையும் குண்டையும் தாளில் சுற்றிவைத்தும் பயன்படுத்தினர். மழையில் தாள் நனைந்தால் மருந்து பாழாயிற்று.

பிரெஞ்சு நாட்டு ஃபுளோபேர் என்பவர், 1845ஆம் ஆண்டளவில் சிறிய செப்பு மூடியின் வாயிலேயே குண்டைப் பொருத்தினார். அதில் வெடிமருந்து இல்லை. குறி பழகுதற்கே அது உதவிற்று. வெசனும் அவர்தம் கூட்டாளி ஹோரேஸ் ஸ்மித்தும் அம்மூடியைக் குழல்போல் நீட்டி வெடிமருந்தை நிரப்பினர். அடிவிளிம்பின் மடிப்பில் தீமூட்டும் மருந்து இருந்தது. துப்பாக்கியின் சுத்தி விளிம்பில் அடித்ததும் குண்டு பாய்ந்தது. தீயும் மருந்தும் குண்டும் ஒரே தோட்டாவில் அடங்கின.

ஆயினும், இத்தோட்டாவைப் பின்புறமாகச் செருகுதற்கு உருளையின் அறைகள் இருபுறமும் திறந்திருத்தல் வேண்டும். அவ்வமைப்புக்கு ரோலின் ஒயிட் என்பவர் 1855ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருந்தார். துப்பாக்கி ஒன்றுக்கு 25 சென்ட் தருவதாக 1856இல் அவருடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. உரிமையை மீறுவோர்மீது வழக்காடும் பொறுப்பு ஒயிட்டையே சார்ந்தது. வெசனின் வணிகத் திறமை இங்கே புலனாகிறது. பெருந்தன்மை புலனாகவில்லை என்றே கூறவேண்டும். ஒயிட் பெற்ற பொருளில் பெரும்பகுதி வழக்குகளிலேயே கரைந்தது.

1857இல் வெளிவந்த முதல் துப்பாக்கியின் குண்டு 0.22 அங்குலக் குறுக்களவே உடையது. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, 0.32 அங்குலத் துப்பாக்கியை வீரர் பலர் தம் சொந்தப் பணத்தில் வாங்கினர். படைத்துறையோ பெரிய குண்டையே விரும்பிற்று. இடர் செப்பிலேயே இருந்தது. சுத்தி அடித்தால் நசுங்கும் அளவுக்கு விளிம்பு மெலிந்திருத்தல் வேண்டும். மெலிந்த செப்போ மிகுந்த மருந்தின் வேகத்தைத் தாங்காமல் புடைத்து, உருளையைச் சுழலவொட்டாமல் தடுத்தது. ஆதலின் போர் முடியும் வரை படைவீரர் கைகளில் பெரும்பாலும் பழைய துப்பாக்கிகளே இருந்தன.

தீமூட்டியை அடிப்பாகத்தின் நடுவே தனியாகப் பொருத்தும் முறையைப் பலரும் ஆய்ந்து வந்தனர். அதனால் தோட்டாவின் விளிம்பை உறுதியாக அமைக்க முடிந்தது. 1870இல் 0.44 அங்குலத் துப்பாக்கிகள் ஆயிரத்தை அமெரிக்கப் படைத்துறை வாங்கிற்று. ஒயிட்டின் காப்புரிமை அதற்கு முந்திய ஆண்டே முடிவுற்றிருந்தது. அதனை நீட்டிக்க வழிசெய்யும் மசோதா ஒன்றைக் குடியரசுத் தலைவர் கிராண்ட் 1870 ஜனவரியில் மறுத்துவிட்டார். போர்க்காலத்தில் அவ்வுரிமையால் அரசுக்கு இடையூறு நேர்ந்ததென்று படைக்கலத் துறைத் தலைவர் கருதினார்.

1871இல் இரஷ்ய அரசு 20,000 துப்பாக்கிகள் கேட்டது. ஆனால், தோட்டாவில் ஒரு குறை கண்டது. குண்டின் வால்பகுதி மட்டுமே கூட்டினுள் புகுந்திருந்தது. வெளியே பூசிய கொழுப்பில் தூசி படிந்தது. குண்டு முழுவதும் ஒரே பருமனுடன் கூட்டினுள் பொருந்தவேண்டும், கொழுப்புப் பள்ளங்களும் உள்ளே மறையவேண்டும் என இரஷ்யர் வற்புறுத்தினர். வெசன் அவ்வாறே மாற்றினார். பின்வந்த சுழல்துப்பாக்கித் தோட்டாக்கள் பலவும் அம்முறையையே தழுவின.

ஸ்மித் 1873இல் ஓய்வு பெற்றார். தொழிலைத் தொடர்ந்து நடத்திய வெசன், தாம் வாழ்ந்த ஸ்பிரிங்பீல்டு நகரில் மருத்துவமனை அமையப் பெரும்பொருள் வழங்கினார். 1906ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள், தம் 81ஆம் வயதில் அந்நகரிலேயே காலமானார்.