மேல்தோலின் காவலரைக் கண்டவர்

மாந்தர் உடலைப் போர்த்திருக்கும் தோலைக் கோட்டை மதிலுக்கு ஒப்பிடுவர். ஆனால், மதில் மட்டும் இருந்தால் போதுமா? அதன்மேல் நின்று வருவோரை உற்று நோக்கும் காவலரும் வேண்டும் அல்லவா? தோலில் அத்தகைய காவலர் இருப்பதை முதன்முதலில் கண்டவர் ஒரு மருத்துவ மாணவர். தாம் கண்டவை காவலர் என்பதை அறியாமலே அவர் மறைந்தார். அவரே பால் லாங்கர்ஹான்ஸ்.

பிரஷ்ய நாட்டின் தலைநகராக விளங்கிய பெர்லினில் 1847ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள் லாங்கர்ஹான்ஸ் பிறந்தார். தந்தையார் ஒரு மருத்துவர். மைந்தரும் அத்துறையையே விரும்பினார். யேனா நகரில் ஹெக்கல் என்னும் உயிரியல் அறிஞரிடம் பயின்றபின் பெர்லினுக்குத் திரும்பி, புகழ்பெற்ற விர்ச்சோவின் மாணவரானார்.

தோலின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் அது ஏறத்தாழ நீர்போல் தெளிந்து தோன்றும். அதில் நரம்பு எது, பிற பகுதி எது எனப் பிரித்தறிதல் அரிது. பொன்னும் குளோரினும் சேர்ந்த ஓர் உப்பின் கரைசலில் ஊறவைத்தால் நரம்பிழைகள் கருமை பெறும் என்பதைக் கோன்ஹைம் என்னும் அறிஞர் காட்டியிருந்தார். அம்முறையை லாங்கர்ஹான்ஸ் மனிதத் தோலில் கையாண்டார். மேல்தோலின் அணுக்களுக்கு இடையே, கிளைகளை நாற்புறமும் நீட்டிய கரிய உயிரணுக்கள் சில அவர் கண்ணில் பட்டன. நரம்பைக் கருமையாக்கும் பொன் இவற்றையும் கருமையாக்கியது. வடிவமும் நரம்பணுவை ஒத்திருந்தது. ஆதலால் இவை நரம்பைச் சார்ந்தவை என்று அவர் முடிவு செய்தார். அக்கட்டுரை 1868இல் விர்ச்சோவின் ஆய்விதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 21.

முடிவு பிழையே எனினும், கண்ட காட்சியில் பிழையில்லை. அக்காட்சியின் பொருள் விளங்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1973இல் ரால்ஃப் ஸ்டைன்மன் என்னும் கனடிய அறிஞரும் அவருடைய துணைவர் கோனும், கிளையுடைய உயிரணுக்கள் சில உடலின் நோய் எதிர்ப்பில் பங்கு கொள்வதை உணர்த்தும் கண்டுபிடிப்பை வெளியிட்டனர். அதன்பின் நிகழ்ந்த ஆய்வுகளால், லாங்கர்ஹான்ஸ் கண்டவையும் அவ்வினத்தோடு சேர்ந்து தொழில்புரிவன என்பது தெளிவாயிற்று.

அவற்றின் தொழில் வியப்புக்குரியது. அவ்வுயிரணுக்கள் தம் கிளைகளை மேல்தோலெங்கும் வலைபோல் பரப்பியிருக்கும். அயற்பொருள் ஒன்று உட்புகுமானால் அதனை விழுங்கிச் சிறு கூறுகளாக்கும். பின்பு, இருந்த இடத்தை விட்டகன்று, நிணநீர்க் குழாய் வழியாக நிணநீர்க் கணுவை அடையும். அங்கே குழுமியிருக்கும் வெள்ளணுக்களுக்கு அக்கூற்றினை அடையாளமாகக் காட்டும். அடையாளம் அறிந்த வெள்ளணுக்கள் பல்கிப் பெருகித் தோலை நோக்கி விரையும்.

காவலே சில வேளைகளில் கேடாவதும் உண்டு. நிக்கல் கலந்த காதணி அணிவோர் சிலருக்குச் செவிமடலில் தடிப்பும் கொப்புளமும் தோன்றுவதைக் காண்கிறோம். நிக்கல் நஞ்சாகிச் சுட்டதன்று அது. காதணியிலிருந்து கசிந்த நுண்ணிய நிக்கல் உடலின் புரதத்தோடு சேர்ந்துவிட, காவலர் அதனைப் பகையென்று அறிவித்துவிடுகின்றனர். முதன்முறை ஒன்றும் தோன்றாது. அடையாளம் பதிந்தபின் மீண்டும் அணிந்தால் ஓரிரு நாளில் வெள்ளணுக்கள் திரண்டு வந்து தம் தோலையே புண்ணாக்குகின்றன. வெண்புள்ளி நோயில் வெள்ளணுக்களின் சினம் நிறம் தரும் அணுக்கள்மீது பாய்கிறது. அதனால் தோல் வெளுக்கிறது. அந்நோய் தொட்டால் ஒட்டுவதன்று.

இவற்றையெல்லாம் அறியும் காலம் லாங்கர்ஹான்ஸுக்கு வாய்க்கவில்லை. 1869இல் அவர் பட்டத்திற்காக எழுதிய நூல் கணையத்தைப் பற்றியது. தீவுகள்போல் ஆங்காங்கே விளங்கும் அணுத்திரள்களை அதில் விவரித்தார். அவற்றின் பயன் தமக்குத் தெரியாது என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். இன்சுலின் அத்தீவுகளிலிருந்தே சுரக்கிறது என்பது பின்னர் விளங்கியது. 1870இல் கீப்பர்ட் என்னும் நிலநூல் அறிஞரோடு சிரியா, பாலஸ்தீனம் முதலிய நாடுகளுக்குச் சென்றார், தொழுநோயாளரை ஆராய்ந்தார். பிரான்சுடன் நிகழ்ந்த போரில் படை மருத்துவராகவும் பணியாற்றினார். அதன்பின் ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத்தில் பணியேற்று, அங்கே பேராசிரியராகவும் உயர்ந்தார்.

அந்த 1874ஆம் ஆண்டிலேயே காசநோய் அவரைப் பற்றியது. இத்தாலியிலும் சுவிட்சர்லாந்திலும் தங்கிப் பார்த்தும் நோய் தணியவில்லை. ஆசிரியப் பணியைத் துறந்து, அட்லாண்டிக் பெருங்கடலில் போர்த்துக்கல்லுக்கு உரிய மதீரா தீவை 1875இல் அடைந்தார். தீவின் இளங்காற்று ஓரளவு நலம் தந்தது. ஃபுன்ஷால் நகரில் தம்மைப் போன்ற பிணியாளர்க்கு மருத்துவம் செய்தார். ஓய்வு நேரங்களில் கடற்புழுக்களை ஆராய்ந்தார். அவற்றில் ஒரு வகைக்குத் தம் ஆசிரியர் விர்ச்சோவின் பெயரைச் சூட்டினார். காலஞ்சென்ற பிணியாளர் ஒருவரின் துணைவியாரை 1885இல் மணந்தார். அந்த இல்வாழ்வு மூன்றாண்டே நீடித்தது. சிறுநீரகங்கள் செயலிழந்து, 1888ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 20ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. 41 வயது நிறைய ஐந்து நாட்களே இருந்தன. ஃபுன்ஷாலில் ஆங்கிலேயருக்கென அமைந்த கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தனர்.